நோயுண்டாக்கும் எசரிக்கியா கோலை

எசரிக்கியா கோலை (சுருக்கமாக இ. கோலை) என்பது மனிதர் மற்றும் பிற வெப்பக்குருதி விலங்குகளின் குடலில் வாழும் கோல் வடிவ பாக்டீரியா ஆகும். 1885 ஆம் ஆண்டு குழந்தை மருத்துவர் தியோடர் எசெரிக் இதனை விவரித்தார். இதன் பெரும்பாலான வகைகள் தீங்கற்றவை. நச்சுகளுக்கும் குடலில் ஒட்டும் இழைகளுக்கும் உரிய மரபணுக்களைப் பிற பாக்டீரியாக்களிடமிருந்தோ, பாக்டீரியாக்களைத் தாக்கும் தீநுண்மங்கள் வழியாகவோ பெற்ற வகைகளே நோயை உண்டாக்குகின்றன.

கொல்கத்தா ஆய்வு

1956 இல் கொல்கத்தாவைச் சேர்ந்த நோயியலாளர் சம்புநாத் டேயும் உடன் ஆய்வாளர்களும், வயிற்றுப்போக்கு நோயாளிகளிடம் கிடைத்த இ. கோலை வகைகளை, இருபுறமும் கட்டப்பட்ட முயலின் குடற்பகுதிக்குள் செலுத்தினர். காலராக் கிருமியைப் போலவே அவற்றுள் சில அங்கு நீரைத் தேங்கச் செய்தன.

செயற்படும் முறை

* குடல்நச்சு வகை: சிறுகுடலில் ஒட்டி நச்சுகளைச் சுரக்கிறது. இவற்றால் குளோரைடு அயனிகளும் அவற்றுடன் நீரும் குடலுக்குள் வெளியேறுகின்றன. உடல்நீர் இழப்பு குழந்தைகளின் உயிருக்கு ஆபத்தானது.
* குடல்நோய் வகை: ஊசி போன்ற அமைப்பின் மூலம் தன் புரதம் ஒன்றைக் குடல் உயிரணுவினுள் செலுத்தி, அதனையே பற்றுக்கோடாகக் கொண்டு ஒட்டுகிறது. குடலின் நுண்விரல்கள் அழிகின்றன.
* குருதிப்போக்கு வகை: இதன் சிகா நச்சு உயிரணுக்களில் புரத உருவாக்கத்தை நிறுத்துகிறது. சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். ஓ157:எச்7 இவ்வகையைச் சேர்ந்தது. மாடுகளின் குடலில் அவற்றுக்குத் தீங்கின்றி வாழ்கிறது.
* சிறுநீர்ப்பாதை வகை: ஒட்டும் இழைகளால் சிறுநீர்ப்பையைப் பற்றிக்கொள்கிறது.

2011 இல் செருமனியில், சிகா நச்சின் மரபணுவைப் பெற்றிருந்த ஓ104:எச்4 வகை, முளைகட்டிய வெந்தயம் வழியாகப் பரவி 50க்கும் மேற்பட்டோரைக் கொன்றது.

மருத்துவமும் தடுப்பும்

குடல்நச்சு வகையின் நச்சுகள் சர்க்கரையுடன் இணைந்து உப்பு உறிஞ்சப்படும் வழியைத் தடுப்பதில்லை. ஆகவே உப்பு சர்க்கரைக் கரைசல் இழந்த நீரை மீட்கிறது. குருதிப்போக்கு வகைக்கு நுண்ணுயிர் எதிர்ப்பிகள் பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றன. அவை சிகா நச்சின் வெளியேற்றத்தை மிகுவிக்கக்கூடும். மருந்தெதிர்ப்பு மரபணுக்களும் பாக்டீரியாக்களிடையே இவ்வாறே பரவுகின்றன. 2010 இல் வெளியான ஆய்வொன்று, என்.டி.எம்-1 என்னும் மருந்தெதிர்ப்பு மரபணுவைக் கொண்ட, இ. கோலை உள்ளிட்ட பாக்டீரியாக்களைச் சென்னையிலும் அரியானாவிலும் கண்டறிந்தது.

இப்பாக்டீரியா மலம் கலந்த நீர், உணவு வழியாகவே பெரும்பாலும் குடலை அடைகிறது. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் பாயும் முல்லைப் பெரியாறு போல, பாசனத்துக்கும் குடிநீருக்கும் பயன்படும் ஆறுகளின் நீரைக் குளோரின் இட்டோ கொதிக்கவைத்தோ பருகுதல் வேண்டும். இந்தியத் தரநிலையின்படி 100 மில்லி லிட்டர் குடிநீரில் ஓர் இ. கோலைகூட இருத்தல் கூடாது.