சாரியை

பெயர்ச்சொல்லுக்கும் வேற்றுமை உருபுக்கும் இடையே வந்து, சொல்லின் வடிவை மாற்றும் இடைச்சொல். ‘மரம்’ என்பதோடு ‘ஐ’ சேர்ந்தால் ‘மரமை’ ஆவதில்லை. ஈற்று மகரம் கெட்டு, ‘அத்து’ நுழைந்து, ‘மரத்தை’ ஆகிறது. உருபு வெளிப்படாத ‘மரத்து நிழல்’ போன்ற தொடரில் இந்தச் சாரியை ஏற்ற வடிவமே உடைமைப் பொருளைத் தந்துவிடுகிறது. ஆகவே சாரியைக்குத் தனிப்பொருள் இல்லை என்பதால் அதை வெறும் ஒலி நிரப்பியாகக் கொள்வது பொருந்தாது. ‘அவை’, ‘அவற்றை’ ஆவதில் தொல்காப்பியம் ‘வற்று’ என்றும் நன்னூல் ‘அற்று’ என்றும் சாரியையைக் குறிக்கின்றன. நன்னூல் பொதுச் சாரியைகளாக 17 வடிவங்களைக் கூறுகிறது. ‘வீடு’, ‘வீட்டை’ ஆவது வேறு வகை. அங்கே சாரியை இல்லை, ‘ட்’ என்னும் ஒற்று இரட்டிக்கிறது.

‘அம்’ ஈற்றுச் சொல் ‘அத்து’ ஏற்கும் விதி இன்றும் உயிரோடு இயங்குவதைக் கடன்சொற்களில் காணலாம். ‘ஆல்பம்’ தயக்கமின்றி ‘ஆல்பத்தை’ ஆகிறது. ‘டீம்’ மட்டும் ‘டீமை’ என்றே நிற்கிறது. இரண்டும் மகரத்தில் முடிந்தாலும், ‘அம்’ என முடிவது முன்னதே. எவரும் கற்றுத்தராமலேயே தமிழ் பேசுவோர் இந்த வேறுபாட்டைக் கடைப்பிடிக்கின்றனர். மலையாளத்திலும் ‘மரம்’, ‘மரத்தில்’ என்றே வரும்.