வாரம் ஒரு பவுண்டு: லாம்பெத் தாய்மார்களின் கணக்கேடு

வரவறிந்து செலவு செய்ய வேண்டும் என்பது எல்லா மொழிகளிலும் வழங்கும் பழைய அறிவுரை. அதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் வரவு உள்ளவர்கள். கேட்டுக்கொள்ள வேண்டியவர்கள் இல்லாதவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இவ்வறிவுரை ஏறத்தாழ ஓர் இலக்கிய வகையாகவே வளர்ந்திருந்தது. சாமுவேல் ஸ்மைல்ஸ் 1875இல் 'சிக்கனம்' என்ற பெயரிலேயே ஒரு நூலை வெளியிட்டார். ஏழைகள் குடியை விட்டு, கணக்கெழுதி, கஞ்சி குடித்து வாழப் பழகினால் வறுமை தானே அகலும் என்ற நம்பிக்கை, படித்த மேல்தட்டினரிடையே அப்போது பரவலாக இருந்தது.

அந்த நம்பிக்கையை வாதத்தால் எதிர்கொள்ளாமல், ஏழைத் தாய்மார்களின் கணக்கேடுகளையே விரித்துக்காட்டி எதிர்கொண்ட நூல் ஒன்று 1913இல் லண்டனில் வெளிவந்தது. 'ரவுண்ட் அபௌட் எ பவுண்ட் எ வீக்', அதாவது 'வாரத்திற்கு ஏறக்குறைய ஒரு பவுண்டு' என்பது அதன் பெயர். எழுதியவர் மாட் பெம்பர் ரீவ்ஸ். நண்பர்களே, இக்கட்டுரையில் நாம் காணவிருப்பது அந்த நூலையும், அதில் வரும் வரவுசெலவின் உள்கணக்கையும்தான்.

நாணயக் கணக்கை முதலில் நினைவில் கொள்வோம். அக்கால இங்கிலாந்தில் 12 பென்னி ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. வாரம் ஒரு பவுண்டு என்றால் ஆண்டுக்கு 52 பவுண்டு.

யார்க் நகரத்துக் கோடு

ரீவ்ஸுக்கு முன்பே ஒருவர் இத்துறையில் இறங்கியிருந்தார். சாக்லேட் தயாரிப்புக் குடும்பத்தைச் சேர்ந்த சீபோம் ரௌண்ட்ரீ, 1899இல் யார்க் நகரத் தொழிலாளர் குடும்பங்களை வீடுவீடாக ஆய்வுசெய்து, 1901இல் முடிவுகளை வெளியிட்டார். கணவன், மனைவி, மூன்று குழந்தைகள் கொண்ட குடும்பம் உடல்நலம் கெடாமல் உயிர்வாழ வாரத்திற்கு 21 ஷில்லிங் 8 பென்னி தேவை என்பது அவர் கண்ட கணக்கு. உணவுக்கு 12 ஷில்லிங் 9 பென்னி, வாடகைக்கு 4 ஷில்லிங், துணி, விளக்கு, எரிபொருள் முதலிய ஏனையவற்றுக்கு 4 ஷில்லிங் 11 பென்னி. 'வறுமைக் கோடு' என்று இன்று நாம் சர்வ சாதாரணமாகப் பேசும் கருத்தின் தொடக்கப் புள்ளிகளுள் இதுவும் ஒன்று.

அந்தக் கோட்டின்மேல் வாழ்வது எப்படியிருக்கும் என்பதையும் ரௌண்ட்ரீ விளக்கியிருக்கிறார். அக்குடும்பம் ரயிலுக்கோ பேருந்துக்கோ ஒரு பென்னியும் தரலாகாது. செய்தித்தாள் கூடாது. வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குக் கடிதம் எழுதினால் தபால்தலைக்குக் காசிராது. தந்தைக்குப் புகையிலை இல்லை, குழந்தைக்குப் பொம்மையில்லை. ஒருவர் நோயுற்றால் மொத்தக் கணக்கும் குலைந்துவிடும்.

யார்க்கில் வாடகை 4 ஷில்லிங் என்பதை மட்டும் வாசகர்கள் மனத்தில் வைத்திருக்கவும். லண்டனுக்கு வரும்போது அது தேவைப்படும்.

கணக்கு எழுதிய கைகள்

மாட் பெம்பர் ரீவ்ஸ் 1865இல் ஆஸ்திரேலியாவில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்தவர். பெண்களுக்கு வாக்குரிமை கோரி அங்கே நடந்த இயக்கத்தில் பங்கெடுத்தவர். 1893இல் நியூசிலாந்து அவ்வுரிமையை வழங்கியது. அரசியல்வாதியான கணவருடன் 1896இல் லண்டனில் குடியேறியபின் ஃபேபியன் சங்கத்தில் இணைந்தார். 1908இல் அச்சங்கத்தின் மகளிர் குழு உருவானதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

அந்தக் குழு 1909இல் தெற்கு லண்டனின் லாம்பெத் பகுதியில் ஒரு பணியைத் தொடங்கியது. அங்கிருந்த பிரசவ மருத்துவமனையின் பட்டியலிலிருந்து கருவுற்ற தாய்மாரைத் தெரிந்தெடுத்து, பிரசவத்திற்கு முன்னும் பின்னும் சத்துணவு கிடைக்கச் செய்து, தாய்க்கும் சேய்க்கும் அதனால் விளையும் பயனைக் கவனிப்பது நோக்கம். வாராவாரம் வீட்டிற்குச் சென்று பார்ப்பார்கள். அதற்கு ஈடாகத் தாய்மார் ஒவ்வொரு வாரத்துச் செலவையும் எழுதிக்காட்ட வேண்டும்.

குழு தெரிந்தெடுத்தவர்கள் பரம ஏழைகள் அல்லர் என்பது மிக முக்கியம். குடிகாரர் குடும்பங்களோ வேலையற்றோர் குடும்பங்களோ அதில் இல்லை. வண்டியோட்டிகள், மீன் வறுப்பவர்கள், குழாய் பதிப்பவரின் உதவியாளர்கள், அச்சகத் தொழிலாளிகள் என்று ஒழுங்காக வேலைக்குச் செல்லும் கணவர்கள். வாரத்திற்குப் பதினெட்டிலிருந்து முப்பது ஷில்லிங்குக்குள் ஊதியம். சுருங்கச் சொன்னால், அறிவுரை கூறுவோர் எதிர்பார்த்த 'நல்ல ஏழைகள்' இவர்களே!

இப்பெண்களுக்குக் கணக்கு புதிதன்று. ஒவ்வொரு அரைப் பென்னியும் அவர்கள் மனத்தில் இருந்தது. அதைத் தாளில் ஏற்றுவதுதான் புதிது. எழுதத் தெரியாத சிலர் கணவனிடமோ மூத்த பிள்ளையிடமோ சொல்லி எழுதுவித்தனர். அவர்களுடைய எழுத்துப் பிழைகளையும் ரீவ்ஸ் பரிவோடு பதிவு செய்கிறார். இக்கணக்குகள் நூலுக்குள் அச்சேறியபோது, அதுவரை யாரும் பார்த்திராத ஓர் ஆவணம் உருவாயிற்று. சுமார் நான்கு ஆண்டுகள் நீடித்த பணி அது.

குறைக்க முடியாத செலவுகள்

செலவைக் குறைக்க வேண்டும் என்று சொல்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எதைக் குறைப்பது என்பதே. லாம்பெத் கணக்கேட்டில் முதல் வரி வாடகை. மூன்று நான்கு குழந்தைகள் உள்ள குடும்பம் இரண்டு மூன்று அறைகளுக்கு வாரம் 7 அல்லது 8 ஷில்லிங் தந்தது. யார்க் கணக்கின் 4 ஷில்லிங்கைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. வசதியுள்ளவன் தன் வருமானத்தில் ஆறில் ஒரு பங்கையோ எட்டில் ஒரு பங்கையோ குடியிருப்புக்குத் தந்தபோது, லாம்பெத் தொழிலாளி மூன்றில் ஒரு பங்கைத் தந்தான்.

சரி, வாடகை குறைந்த வீட்டிற்கு மாறினால் என்ன? அதையும் ரீவ்ஸ் ஆராய்ந்திருக்கிறார். ஈரமும் இருளும் மண்டிய நிலவறை அறைகளுக்குப் போன குடும்பங்கள் உணவுக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவிட முடிந்தது உண்மை. ஆயினும் குழந்தை இறப்பு அவர்களிடையேதான் மிகுதியாக இருந்தது. வாடகையில் மிச்சம் பிடித்த ஷில்லிங்குக்கு வேறுவிதமாக விலை கொடுக்க நேர்ந்தது.

இரண்டாவது செலவு வாசிப்பவரை அதிர வைப்பது. 'சிக்கனம்' என்று தலைப்பிட்ட அத்தியாயத்தைத் திறந்தால், அது பேசுவது பெரும்பாலும் சாவுச் செலவைப் பற்றி! பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் வாரம் ஒரு பென்னி, தாய்க்கு 2 பென்னி, தந்தைக்கு 3 பென்னி என்று ஈமக் காப்பீட்டு முகவருக்குக் கட்டி வந்தார்கள். அந்தக் காசில் குழந்தைக்குப் பால் வாங்கலாமே என்பது அறிவுரையாளர் கேள்வி. ரீவ்ஸ் அதற்குப் பதிலாக ஒரு குழந்தையின் இறுதிச் சடங்குக் கணக்கை வைக்கிறார்: சடங்குக்கு ஒரு பவுண்டு 12 ஷில்லிங், இறப்புச் சான்றிதழுக்கு ஒரு ஷில்லிங் 3 பென்னி, குழி வெட்டுவோருக்கு 2 ஷில்லிங், பிண ஊர்தியுடன் வருவோருக்கு 2 ஷில்லிங், உடலைக் கிடத்திய பெண்ணுக்கு 2 ஷில்லிங், காப்பீட்டு முகவருக்கு ஒரு ஷில்லிங், பூவுக்கு 6 பென்னி, தந்தையின் கறுப்புக் கழுத்துப்பட்டைக்கு ஒரு ஷில்லிங். ஆக மொத்தம் 2 பவுண்டு ஒரு ஷில்லிங் 9 பென்னி. இரண்டு வார ஊதியம்!

காப்பீடு இல்லாவிட்டால் இரண்டே வழிகள். கடன் வாங்கிப் பல மாதங்கள் எஞ்சிய குழந்தைகளின் உணவைக் குறைத்து அடைக்கலாம். அல்லது பொதுச் செலவில் புதைக்கலாம். அப்படிச் செய்த தந்தை, உழைத்துச் சம்பாதிப்பவனாயினும், பிச்சைக்காரனாகக் கருதப்படுவான். குழந்தைகள் அடிக்கடி இறக்கும் தெருவில் வாழ்ந்த தாய்க்கு அந்த ஒரு பென்னி வீண்செலவாகத் தோன்றாததில் வியப்பில்லை.

சில்லறையாக வாங்குவதன் விலை

வசதியுள்ள வீட்டார் நிலக்கரியைக் கோடையில் டன் கணக்கில் வாங்கி நிலவறையில் கொட்டி வைத்தார்கள். லாம்பெத் பெண்ணிடம் மொத்தமாக வாங்கப் பணமுமில்லை, கொட்டி வைக்க இடமுமில்லை. ஓர் அந்தர், அதாவது சுமார் 51 கிலோ, சில வாரங்களில் அதற்கும் குறைவாக 14 ராத்தல் என்று வாங்கினாள். எரிவாயுவோ, ஒரு பென்னியைப் போட்டால் அந்த அளவுக்கு மட்டும் வரும் பெட்டியிலிருந்து வந்தது. குழந்தைகளின் காலணிக்கு நம்மூர்ச் சீட்டைப் போல வாராவாரம் கட்டும் ஏற்பாடு இருந்தது.

ஆண்டுக் கணக்குப் போட்டுச் சிக்கனம் செய்ய வேண்டுமானால் ஆண்டின் தொடக்கத்தில் கையில் கொஞ்சம் முதல் இருந்தாக வேண்டும். இவர்களுடைய கால அளவு ஒரு வாரம். வாரக் கடைசியில் ஒரு நாள். ஆகவே ஒரே பொருளுக்கு இவர்கள் கூடுதல் விலை கொடுத்தார்கள்.

ஓர் எடுத்துக்காட்டை நாமே கூட்டிக் கழித்துப் பார்ப்போம். கணவன் மனைவியிடம் 22 ஷில்லிங் தருகிறான், நான்கு குழந்தைகள். வாடகை 8 ஷில்லிங், நிலக்கரிக்கும் விளக்குக்கும் இரண்டரை, காப்பீட்டுக்கு ஒன்று, சவுக்காரம், காலணிச் சீட்டு முதலியவற்றுக்கு ஒன்று. எஞ்சுவது ஒன்பதரை ஷில்லிங். ஆறு பேர் ஏழு நாட்கள் உண்ண வேண்டும். தலைக்கு ஒரு நாளைக்கு 3 பென்னி கூட இல்லை. அன்று லண்டனில் ஒரு குவார்ட் பால், அதாவது ஒரு லிட்டருக்குச் சற்று மேல், 4 பென்னி. இரு சிறு குழந்தைகள் அதைப் பகிர்ந்து குடித்தால், அன்றைய மொத்தக் குடும்பத்தின் உணவுப் பணத்தில் நான்கில் ஒரு பங்கு போய்விடும். எனவே பெரும்பாலான வீடுகளில் பால் என்பது கொழுப்பு நீக்கிய டின் பால். கைக்குழந்தைகளுக்கு ஏற்றதன்று என்று டின்னின்மேலேயே அச்சிட்டிருக்கும்.

கஞ்சி ஏன் காய்ச்சவில்லை?

நூலின் மிகச் சுவையான பகுதி ஓட்ஸ் கஞ்சியைப் பற்றியது. மலிவான, சத்தான கஞ்சியை விட்டுவிட்டு ஏன் ரொட்டியே தின்கிறார்கள் என்பது சீமாட்டிகளின் ஓயாத வியப்பு. ரீவ்ஸ் பொறுமையாக விளக்குகிறார். கஞ்சிக்குப் பாலும் சர்க்கரையும் வேண்டும், இரண்டும் இல்லை. நெடுநேரம் அடுப்பெரிய வேண்டும்; அதற்குப் பென்னி வேண்டும். வீட்டிலிருப்பது ஒரே பழைய சட்டி. முந்தைய நாள் மீனோ இறைச்சியோ வெந்தது அதில்தான். அடி பிடித்துப் போன, பாலில்லாத கஞ்சியைக் குழந்தைகள் குமட்டி ஒதுக்கிவிட்டால் அந்த வேளை உணவே பாழ். ரொட்டிக்கு அடுப்பு வேண்டாம், தட்டு வேண்டாம், கரண்டி வேண்டாம். இறைச்சி வடித்த கொழுப்பையோ மார்கரினையோ தடவிக் கையில் கொடுத்தால் போதும். அறியாமை என்று வெளியிலிருந்து பார்த்தவர்கள் நினைத்தது, உள்ளிருந்து பார்க்கையில் நன்கு யோசித்தெடுத்த முடிவு.

வாடகைக்காரர் காத்திருக்க மாட்டார். முகவர் காத்திருக்க மாட்டார். குளிர் காத்திருக்காது. ஆகவே வேலை குறைந்த வாரத்தில் சுருங்கியது உணவு ஒன்றே. அதிலும் ஒரு வரிசை இருந்தது. இறைச்சித் துண்டு சம்பாதிப்பவனுக்கு. அவன் விழுந்தால் வீடே விழும் என்பதை எல்லோரும் அறிவர். அடுத்துக் குழந்தைகள். கடைசியில் தாய்: ரொட்டியும் தேநீரும், மிஞ்சியிருந்தால் மிச்சமும். கணக்கேட்டில் 'மிச்சம் பிடித்தது' என்று ஒரு வரி இருந்திருக்குமானால், அதற்கு நேராக எழுதத் தகுந்தது அவளுடைய சாப்பாடு. நலமாகப் பிறந்த குழந்தைகள் ஓராண்டுக்குள் சோர்ந்து மெலிவதை வாராவாரம் பார்த்த பெண்களின் சாட்சியம் இது.

அதன் பிறகு

இத்தாய்மாருக்கு இல்லாதது சிக்கனமன்று, பணம்தான் என்ற எளிய முடிவுக்கே ரீவ்ஸ் வருகிறார். குறைந்தபட்ச ஊதியம், பள்ளியில் உணவு, குழந்தைகளுக்கு மருத்துவ நிலையம், அரசின் நேரடிப் பொறுப்பு ஆகியவற்றை நூல் கோருகிறது. 1911ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டம் அறிமுகப்படுத்திய 30 ஷில்லிங் பிரசவ உதவித்தொகை, 1913இல் தாய்க்கே உரிய பணமாக்கப்பட்டது. முதல் உலகப்போரின்போது படைவீரர் மனைவியருக்கு அரசே நேராகப் பணம் வழங்கியது. அந்த அனுபவத்தை முன்வைத்து எலினார் ராத்போன் 1924இல் நூலெழுதி, நெடுங்காலம் போராடினார். 1945இல் குடும்ப உதவித்தொகைச் சட்டம் நிறைவேறியது. மறு ஆண்டிலிருந்து, முதல் குழந்தை நீங்கலாக ஒவ்வொரு குழந்தைக்கும் வாரம் 5 ஷில்லிங், ராத்போன் வற்புறுத்தியபடி தாயின் கையில் வழங்கப்பட்டது.

ரீவ்ஸ் 1953இல் மறைந்தார். அவருடைய நூல் 1979இலும் 2008இலும் மறுபதிப்புக் கண்டது. புள்ளிவிவர நூல் என்று தயங்காமல் நண்பர்கள் இதைத் தேடிப் படிக்க வேண்டும். எழுத்துப் பிழைகளோடு அதில் நிற்கும் ஒவ்வொரு கணக்கும் ஒரு வாரம், ஒரு வீடு. அவற்றைப் படித்து முடித்தபின், இல்லாதவரைப் பார்த்துச் சிக்கனமாயிருங்கள் என்று சொல்ல நமக்கு நா எழுவது கடினம். சொல்லத்தான் வேண்டுமென்றால், அவர்கள் வீட்டில் எத்தனை சட்டிகள் இருக்கின்றன என்றாவது முதலில் கேட்டுக்கொள்வோம்.