வயற்பாசியும் ஆதி உயிரின் வரலாறும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள திருவரங்கத் தீவில், நாற்று நட்ட சில வாரங்களில் வயல்நீரின்மேல் நீலப்பச்சைப் படலம் ஒன்று படர்வதுண்டு. பாசி என்று சொல்லி அதை ஒதுக்கிச் செல்வது வழக்கம். நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே கடந்து சென்றோம். உயிரின் தொடக்கத்தைப்பற்றிப் பிரசங்கபீடத்தில் நாம் அந்நாளில் கூறிவந்த சிலவற்றைத் திருத்திக்கொள்ளும்படி செய்தது இந்தப் பாசியே.

எரு அதிகமிடாத நெல்வயலும் ஆண்டுதோறும் விளைவது எப்படி என்ற கேள்விக்கு, 1939-இல் பி. கே. டே என்னும் வங்க அறிஞர் விடை தந்தார். வயலிலுள்ள நீலப்பச்சைப் பாசிகளே காற்றின் நைட்ரஜனைப் பற்றி நிலத்துக்கு உணவாக்குகின்றன என்று அவர் நிறுவினார். சென்னையில் எம். ஓ. பி. அய்யங்கார் பாசியியலுக்கு அடிகோலினார். அவருடைய மாணவர் டி. வி. தேசிகாச்சாரி 1959-இல் இவ்வினத்தைப்பற்றிய பெருநூலை வெளியிட்டார். 1991-இல் கடல்வாழ் நீலப்பச்சைப் பாசிகளுக்கான தேசிய மையம் திருச்சிராப்பள்ளியிலேயே, பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில், நிறுவப்பட்டது.

நைட்ரஜனை எளிதில் பிணைக்க முடியாது. உரத்தொழிற்சாலை 400 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தையும் பேரழுத்தத்தையும் கொண்டு செய்வதை, இப்பாசியின் நைட்ரோஜினேஸ் என்னும் நொதி வயல்நீரின் சாதாரண வெப்பத்தில் செய்துவிடுகிறது. அதன் நடுவில் இருப்பவை இரும்பும் கந்தகமும் மாலிப்டினமும். ஆனால் ஆக்சிஜன் பட்டால் அந்நொதி கெட்டுப்போகும். விந்தை என்னவென்றால், ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் உலகின் காற்றை ஆக்சிஜனால் நிரப்பத் தொடங்கியதும் இப்பாசியின் முன்னோரே! ஆகவே தன் இழையில் ஆங்காங்கே தடித்த சுவருள்ள தனி உயிரணுக்களை அமைத்து, அவற்றுக்குள் அந்நொதியை இப்பாசி காக்கிறது. ஆக்சிஜனற்ற பழைய உலகின் சிறு அறை என்று அதைச் சொல்லலாம்.

இந்நொதிக்கு மின்னணுக்களைக் கொண்டுவந்து தருவது பெரடாக்சின் என்னும் சிறு புரதம். அதிலும் இரும்பும் கந்தகமுமே உண்டு. 1966-இல் எக், டேஹாஃப் என்னும் இருவர், மண்வாழ் நுண்ணுயிர் ஒன்றிலுள்ள பெரடாக்சினை ஆராய்ந்து, அதன் இரு பாதிகளும் ஒன்றையொன்று ஒத்திருப்பதைக் கண்டார்கள். மிகச் சிறிய ஒரு தொடர் மீண்டும் மீண்டும் இரட்டித்து இப்புரதமாயிற்று என்பது அவர்கள் முடிவு. 1988-இல் வாஹ்டர்ஷாய்சர் என்னும் ஜெர்மானியர் இன்னும் பின்னே சென்று, நொதிகள் தோன்றுமுன் இரும்புக் கந்தகத் தாதுக்களின் பரப்பிலேயே உயிரின் வேதிவினைகள் தொடங்கியிருக்கலாம் என்றார். இது இன்றும் கருதுகோளே. 1929-இல் உயிரின் தோற்றத்தைப்பற்றி எழுதிய ஹால்டேன், 1957-இல் நம் நாட்டுக்குக் குடிவந்து 1964-இல் புவனேசுவரத்தில் மரித்தார் என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

இனி நம் பிழைக்கு வருவோம். உயிரற்றதிலிருந்து உயிர் வராது என்று பாஸ்டர் நிரூபித்துவிட்டார், ஆகவே சிருஷ்டிகர் உண்டு என நாம் போதித்து வந்தோம். சபையும் அதை விரும்பிக் கேட்டது. ஆனால் பாஸ்டரின் ஆய்வு நடந்தது 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில். அதற்கு முன்பிருந்த திருச்சபையார் என்ன எண்ணினார்கள்? அழுகிய பொருளிலிருந்து புழுக்கள் பிறக்கும் என்று அகுஸ்தீனும் அக்வினாவும் தடையின்றி ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதனால் அவர்களுடைய விசுவாசம் அசையவில்லை. தேவன் ஆதியில் படைத்தவற்றுள் பின்வருவனவற்றின் காரணங்களை வித்துப்போல வைத்தார் என்பது அகுஸ்தீனின் கொள்கை. சேற்றிலிருந்து உயிர் எழுவது விசுவாசத்துக்கு ஆபத்து என்னும் எண்ணம் நாம் நினைத்ததைவிட மிகவும் புதியது. மேலும், பாஸ்டர் காட்டியது கொதிக்கவைத்து மாசுபடாமல் காத்த சாற்றில் நுண்ணுயிர்கள் தாமாகத் தோன்றா என்பதே. ஆதி உலகத்தின் கடலைப்பற்றி அவருடைய குடுவை ஒன்றும் சொல்லவில்லை.

இதை வகுப்பில் கூறியபோது மாணவர் ஒருவர், அப்படியானால் ஆதியாகமம் முதல் அதிகாரத்தை இனி எவ்வாறு பிரசங்கிப்பது என்று கேட்டார். நீரும் நிலமும் பிறப்பிக்கும்படி கட்டளை பெறுகிற வசனங்களை எபிரெயுவில் நிதானமாக வாசித்துவரும்படி கூறினோம். அடுத்த கிழமை முழுவதும் அதிலேயே கழிந்தது.