முதல் நேர்கோட்டை யார் கொடுத்தது?

போன எபிசோடுக்கு நிறைய பேர் "அடுத்தது போர், ராஜா மாதிரி ஏதாவது பண்ணுங்க"ன்னு கேட்டிருந்தீங்க. இன்னைக்கு ஒரு ராஜாவும் ஒரு பீரங்கியும் நடுவுல வரும். ஆனா கதை ஒரு இரும்புப் பட்டையைப் பற்றியது. அந்தப் பட்டை கிடப்பது தேங்காய்ப்பட்டணத்தில், ஓலைக்கும் தகரத்துக்கும் நடுவில் கட்டிய ஒரு ஷெட்டில்.

தேங்காய்ப்பட்டணம் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், குழித்துறை ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது. அரபு வணிகர்கள் வந்து போன பழைய துறைமுகம். எழுத்தாளர் தோப்பில் முஹம்மது மீரான் பிறந்த ஊர். 1997-ல் அவருக்கு சாகித்திய அகாதமி விருது வாங்கிக் கொடுத்த நாவலின் பெயர் 'சாய்வு நாற்காலி'. ஒரு மரச்சாமான் பெயரில் நாவல் என்பது அந்தப் பகுதிக்குப் பொருத்தம்தான். மரம் அறிந்த ஊர்கள் அவை. பத்மநாபபுரம் அரண்மனை அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே பூமுகத்தின் மேற்கூரையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

என் கல்லூரி நண்பன் இந்த ஊர்க்காரன். அவன் அப்பா ஆசாரி. கதவு, நிலை, ஜன்னல், அதில் பூ வேலை. நாற்பது வருஷம் உளி பிடித்த கை. கொஞ்ச வருஷமாக வேலை குறைந்து போனது. சிஎன்சி ரவுட்டரில் வெட்டிய கதவுகள் டவுனிலிருந்து வந்து இறங்க ஆரம்பித்தன. அவர் பதினைந்து நாள் செதுக்கும் பூவை மெஷின் ஒரு மதியத்தில் முடித்துவிடும். நண்பன் சென்னை வேலையை விட்டு ஊருக்குப் போய், "நானே ஒரு மெஷின் கட்டுறேன் மக்கா" என்றான். கம்ப்யூட்டர், மோட்டார், கன்ட்ரோலர் எதுவும் அவனுக்குப் பிரச்சினை இல்லை, அது அவன் படிப்பு. கையைக் கடித்தது தண்டவாளம்தான். வெட்டும் தலை முன்னும் பின்னும் ஓட ஒரு நேரான பாதை வேண்டும். அதற்கு லீனியர் ரயில் என்று பெயர். நல்ல ரயிலின் விலையைக் கேட்டதும் அவன் பட்ஜெட் படுத்துவிட்டது.

அதனால் 16 மில்லி ரவுண்டு ராடு இரண்டு வாங்கி, இரண்டு முனையிலும் தாங்கு கொடுத்து மாட்டினான். முதல் பூ வெட்டினான். ஓரத்து இதழ்கள் சரியாக இருந்தன, நடு இதழ் பள்ளமாகப் போயிருந்தது. காரணம் எளிது. ஒரு மீட்டர் நீளமுள்ள 16 மில்லி இரும்பு ராடை இரண்டு முனையில் சும்மா வைத்து, நடுவில் ஐந்து கிலோ ஏற்றினால் அது ஒன்றரை மில்லிமீட்டர் தொங்கும். நீளத்தை இரட்டிப்பாக்கினால் தொய்வு இரண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்கு ஆகும். அவன் மெஷினில் தலையின் எடை ஐந்து கிலோவுக்கும் மேல்.

அன்றைக்குத்தான் நான் அங்கே போயிருந்தேன். அவன் அப்பா ஷெட்டுக்குள் வரவே இல்லை. வாசலில் நின்று, வெட்டிய பலகையை மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போ கொஞ்சம் பின்னால் போவோம். இந்தத் தொய்வுப் பிரச்சினைக்கு 250 வயது. அதன் பின்னால் பீரங்கி இருக்கிறது.

1741-ல், தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்துக் கடற்கரையான குளச்சலில், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களைத் தோற்கடித்தார். பிடிபட்டவர்களில் டிலனாய் என்ற அதிகாரி அப்புறம் திருவிதாங்கூர் படைக்கே தளபதியானார். புலியூர்குறிச்சியில் இருக்கும் உதயகிரிக் கோட்டைக்குள் பீரங்கி வார்க்கும் உலை வைத்தார்கள். 1777-ல் இறந்த டிலனாயின் கல்லறையும் அங்கேதான். இப்போ ஒரு கேள்வி. பீரங்கியை வார்ப்பது ஒரு வேலை. அதன் உள் துளை நேராக, வட்டமாக இருப்பது வேறு வேலை. துளை கோணினால் குண்டு ஒரு பக்கம் போகும், சமயத்தில் பீரங்கியே வெடிக்கும்.

உதயகிரியில் டிலனாயின் கடைசிக் காலத்தில், இங்கிலாந்தில் ஜான் வில்கின்சன் என்ற இரும்பாலைக்காரர் இதே தலைவலியில் இருந்தார். 1774-ல் அவர் பீரங்கியைத் துளையில்லாமல் முழுசாக வார்த்து, அதைச் சுழல விட்டு, வெட்டும் உளியை நேராக உள்ளே செலுத்தினார். அடுத்த வருஷம் ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரத்துக்கு சிலிண்டர் குடைய வேண்டி வந்தது. அதற்கு முந்தைய மெஷின்களில் வெட்டும் தண்டுக்கு ஒரு பக்கம்தான் பிடிமானம், மறுமுனை தொங்கும். வில்கின்சன் தண்டை சிலிண்டரின் இந்தப் பக்கம் நுழைத்து அந்தப் பக்கம் வெளியே எடுத்து, இரண்டு முனையையும் தாங்கினார். அவ்ளோதான். வாட் வருஷக்கணக்கில் தவித்த சிலிண்டர் கிடைத்தது. நீராவி யுகம் என்று நாம் பாடத்தில் படித்ததில் பாதி, ஒரு தண்டு தொங்காமல் இருந்ததால் வந்தது என்று நான் சொன்னால் கொஞ்சம் அதிகம்தான். ஆனா ரொம்ப அதிகமில்லை.

அடுத்த ஆள் ஹென்றி மாட்ஸ்லே. பூட்டு செய்யும் பிராமாவிடம் வேலை பார்த்தவர். வாரம் 30 ஷில்லிங் சம்பளம் போதாது என்று கேட்டார், கிடைக்கவில்லை, 1797-ல் வெளியேறித் தனிப் பட்டறை போட்டார். (இன்க்ரிமென்ட் மறுத்ததால் வரலாறு மாறிய சம்பவங்களுக்குத் தனி எபிசோடே போடலாம்.) அவருடைய லேத்தில் உளியைத் தொழிலாளியின் கை பிடிக்காது. ஒரு நேரான இரும்புப் பாதையில் ஓடும் தாங்கி பிடிக்கும். கை நடுங்கலாம், பாதை நடுங்காது. இன்றைய சிஎன்சி வரைக்கும் எல்லாம் அந்த ஒரு யோசனையின் பேரப்பிள்ளைகள்.

ஆனா இங்கேதான் முடிச்சு. மெஷின் நேராக வெட்டணும்னா அதன் பாதை நேராக இருக்கணும். அந்தப் பாதையை வெட்டிய மெஷினுக்கு ஒரு நேரான பாதை வேணும். அப்படியே பின்னால் போனால், முதல் நேர்கோடு எங்கேயிருந்து வந்தது?

மாட்ஸ்லே பட்டறையில் 1825-ல் சேர்ந்த ஜோசப் விட்வொர்த், 1840-ல் கிளாஸ்கோவில் ஒரு கட்டுரை வாசித்தார். சமதளமான உலோகப் பரப்பை எப்படி உண்டாக்குவது என்பது விஷயம். அதுவரை ஆட்கள் மணல்பொடி போட்டு ஒன்றோடொன்று தேய்ப்பார்கள். அவர் "தேய்க்காதே, மேடு எங்கேன்னு பார்த்து அந்த இடத்தை மட்டும் சுரண்டு" என்கிற முறையைச் சொன்னார். முக்கியமானது, இரண்டு பலகை போதாது, மூன்று வேண்டும். இதை முதலில் கண்டுபிடித்தது அவரா, அவருடைய முதலாளியா என்பதில் இன்னும் சண்டை உண்டு. அதை விடுவோம்.

ஏன் மூன்று? இரண்டு பலகை ஒன்றோடொன்று பொருந்தினால் நேர் என்று அர்த்தமில்லை. ஒன்று வயிறு தள்ளி, இன்னொன்று வயிறு உள்வாங்கி இருந்தாலும் அழகாகப் பொருந்தும். மூன்றாவதும் அந்த முதல் பலகைக்குப் பொருந்துகிறது என்று வையுங்கள். இப்போ இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும். இரண்டும் ஒரே பக்கம் வளைந்தவை, நடுவில் சந்து இரட்டிப்பாகத் தெரியும். மூன்றும் ஒன்றுக்கொன்று எப்படி மாற்றி வைத்தாலும் பொருந்தினால் மட்டுமே மூன்றும் நேர். யாரும் வெளியிலிருந்து ஒரு நேர்கோட்டைக் கொண்டுவந்து கொடுக்கவில்லை. மூன்று கோணல்கள் தங்களைத் தாங்களே திருத்திக்கொண்டன.

வீட்டிலேயே பாருங்க. ஸ்கேல் வைத்து ஒரு கோடு போடுங்க. ஸ்கேலைப் புரட்டி, அதே விளிம்பால் அதே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இன்னொரு கோடு. நடுவில் இடைவெளி தெரிந்தால், உங்க ஸ்கேலின் குறை அதில் பாதி.

இதை நான் அன்றைக்கு ராத்திரி நண்பனுக்குப் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். வெளியே கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த அவன் அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

"மக்ளே, இதுக்கு வெள்ளைக்காரன் எதுக்கு? ரெண்டு பலகைய இழைச்சா சேத்து வச்சு வெளிச்சத்துல பாக்கணும். ஒண்ணத் திருப்பி வச்சும் பாக்கணும். எங்க அப்பன் எனக்கு அடிச்சுச் சொல்லிக் குடுத்தது."

மறுநாள் காலையில் அவர் ஷெட்டுக்குள் வந்தார். பழைய வீட்டு உத்தரத்திலிருந்து எடுத்த, காய்ந்து முடிந்த தேக்கில் நாலடி நீளத்துக்கு மூன்று சட்டம். இழைப்புளியால் இழைத்து, அடுப்புக்கரி தடவி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்துத் தேய்த்து, கறுப்பு ஒட்டிய இடத்தை மட்டும் சீவினார். அவருக்கு மூன்றாவது சட்டம் புதுசு, அதை ஒத்துக்கொள்ளவும் செய்தார். "இது நல்ல களவாணிய பிடிக்கும்" என்றார். இரண்டு நாள் ஆனது.

இனி தண்டவாளம். ரவுண்டு ராடுக்குப் பதிலாக பிரைட் பார் எனப்படும் பட்டை இரும்பு. அது முழு நீளத்துக்கும் கனமான சேனலில் உட்காரும், தொங்க வழியில்லை. பத்து சென்டிமீட்டருக்கு ஒரு போல்ட். தேக்குச் சட்டத்தை மேலே வைத்து, பின்னால் டார்ச் அடித்துப் பார்த்து, பள்ளமான போல்ட்டின் அடியில் குளிர்பான டின்னை வெட்டிச் சொருகினார்கள். அந்தத் தகடு சுமார் 0.1 மில்லிமீட்டர் கனம், கத்தரிக்கோலால் வெட்டலாம். பக்கவாட்டு வளைவுக்கு மீன்பிடித் தங்கூசியை இழுத்துக் கட்டினார்கள். தங்கூசி கீழே தொங்கும், ஆனா பக்கவாட்டில் பொய் சொல்லாது. இரண்டு தண்டவாளமும் ஒரே மட்டமா என்று பார்க்க, டியூபில் தண்ணீர். தண்ணீர் பூமியோடு வளைந்தது என்று யாராவது கமென்ட் போடுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், ஒரு மீட்டருக்கு அந்த வளைவு 0.00002 மில்லிமீட்டர்.

ஓடும் சக்கரங்கள் 608 பேரிங். உள்விட்டம் 8 மில்லி, வெளிவிட்டம் 22. ஸ்கேட்டிங் ஷூவில் இருப்பது, எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். பட்டையின் மேலே, கீழே, பக்கவாட்டில் என்று கடித்துப் பிடிக்கும்படி மாட்டினான். உருண்டை பேரிங் இவ்வளவு மலிவானதற்கும் ஒரு ஆள் காரணம். 1883-ல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபர்ட்டில் ஃபிரீட்ரிக் ஃபிஷர், எஃகு உருண்டைகளை ஒரே அளவில் உருட்டித் தேய்க்கும் மெஷினைச் செய்தார். 1952-ல் எம்ஐடி முதல் எண்வழிக் கட்டுப்பாட்டு மில்லிங் மெஷினை ஓட்டிக் காட்டியது. ஹெலிகாப்டர் இறக்கை செய்துகொண்டிருந்த ஜான் பார்சன்ஸ் கிளப்பிய யோசனை அது. 1972-ல் ஜப்பானின் டிஹெச்கே, உருண்டைகள் உள்ளேயே சுற்றி வரும் ரயிலை விற்க ஆரம்பித்தது. நண்பனால் வாங்க முடியாமல் போனது அதன் வாரிசைத்தான்.

கடைசியில் டயல் கேஜ் வைத்துப் பார்த்தபோது ஒரு மீட்டர் ஓட்டத்தில் முள் 0.1 மில்லி ஆடியது. உலோகத்துக்கு அது போதாது. தேக்குக் கதவுக்குத் தாராளம். பூவின் நடு இதழ் சரியாக வந்தது.

பிரச்சினை தீர்ந்ததா? கடல் காற்று இருக்கிறதே. ஒரு வாரத்தில் பட்டையில் துரு பூத்தது. தேங்காய்ப்பட்டணம் இல்லையா, பையன் தேங்காய் எண்ணெயைத் தடவினான். மரத்தூளோடு சேர்ந்து அது களியாகி பேரிங்கைப் பிடித்துக்கொண்டது. இப்போ தினமும் சாயங்காலம் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய்.

மரச்சட்டமும் மழைக்காலத்தில் வளையும். அதனால்தான் அவர் மூன்றையும் பிரிப்பதில்லை. ஒன்று கோணினாலும் மற்ற இரண்டும் காட்டிக்கொடுக்கும், மறுபடி சீவிக்கொள்ளலாம். ஷெட்டின் சுவரில் ஒரே ஆணியில் தொங்குகின்றன, கரியால் 1, 2, 3 என்று எழுதி. போன மாதம் பேசியபோது நண்பன் சொன்னான், பக்கத்தில் யாரோ பாம்பு அடிக்க இரண்டாம் நம்பரை எடுக்கப் போய், அப்பா போட்ட சத்தத்தில் பாம்பே ஓடிவிட்டதாம்.