நிலையம் முன்னும் பள்ளி பின்னும்: இந்தியத் தொலைக்காட்சித் தயாரிப்புப் பயிற்சியின் முதல் கால்நூற்றாண்டு (1959–1984)

ஆய்வுச்சுருக்கம்

இந்தியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1959இல் தொடங்கியது. தயாரிப்பைக் கற்பிப்பதற்கான தனிப்பிரிவு 1971இல்தான் தோன்றியது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒளிபரப்பு நிலையமே பள்ளியாகவும் இருந்தது. வானொலியிலிருந்து வந்தவர்களே மாணவர்களாகவும் ஆசிரியர்களாகவும் இருந்தனர். இந்த வரிசைமாற்றம் நிகழ்ச்சிகளின் வடிவத்தை எவ்வாறு பாதித்தது என்பதையும், கேடா மாவட்டத்தில் நிகழ்ந்த முயற்சி அதற்கு எவ்வகையில் மாற்றாக அமைந்தது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தொலைக்காட்சித் தயாரிப்பு, ஸ்டுடியோ, பணியிடைப் பயிற்சி, தூர்தர்ஷன், சைட், கேடா, சென்னைத் தொலைக்காட்சி

முன்னுரை

இந்தியத் தொலைக்காட்சியின் வரலாறு பெரும்பாலும் கொள்கைகளின் வரலாறாகவும் செயற்கைக்கோள்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டுள்ளது. குழுக்களின் அறிக்கைகள், ஒளிபரப்பியின் ஆற்றல், பெட்டிகளின் எண்ணிக்கை ஆகியவற்றுக்கு அவ்வரலாற்றில் இடமுண்டு. ஸ்டுடியோவுக்குள் நின்று வேலை செய்தவர் அந்த வேலையை எவ்வாறு கற்றார் என்ற வினாவுக்கு அத்தகைய இடம் கிடைக்கவில்லை. கைத்தொழில்களின் வரலாற்றை எழுதுவோர் பயிற்சிமுறையிலிருந்து தொடங்குவது வழக்கம். தச்சனை, சிற்பியை, நாதசுர வித்துவானை அவர்தம் குருகுலத்தை விட்டுப் பிரித்து நாம் ஆராய்வதில்லை. தொலைக்காட்சித் தயாரிப்பாளரை மட்டும் அவ்வாறு பிரித்தே பார்த்து வந்திருக்கிறோம். அவரும் ஒரு தொழிலைக் கற்றவரே. அவர் கற்ற முறை அவர் ஆக்கிய நிகழ்ச்சியில் தடம் பதித்திருக்கும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

கட்டுப்பாட்டு அறையின் இலக்கணம்

ஸ்டுடியோத் தயாரிப்பு திரைப்படத்திலிருந்தும் வானொலியிலிருந்தும் எங்கே வேறுபடுகிறது என்பதை முதலில் தெளிவுபடுத்துதல் வேண்டும். திரைப்பட இயக்குநர் பெரும்பாலும் ஒரே கேமராவைக் கொண்டு துண்டு துண்டாகப் படம்பிடிக்கிறார். தேர்வும் கோப்பும் பின்னர் படத்தொகுப்பு மேசையில் நிகழ்கின்றன. வானொலித் தயாரிப்பாளருக்குக் கடிகாரம் உண்டு, குரல் உண்டு, எழுத்துப்படி உண்டு, படம் இல்லை. பல கேமராக்கள் இயங்கும் ஸ்டுடியோவில் இவ்விரு தொழில்களும் ஒரே நொடியில் மோதிக்கொள்கின்றன. தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அப்பால், கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருக்கிறார். அவர்முன் ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு மானிட்டர் உண்டு. வெளியே செல்லும் படத்துக்குத் தனியே ஒன்று உண்டு. அவர் ‘இரண்டு தயார்’ என்று எச்சரித்து, ‘இரண்டு’ என்று ஆணையிட்டதும் விஷன் மிக்சரில் கைவைத்திருப்பவர் படத்தை மாற்றுகிறார்; அந்தக் கேமராவின் சிவப்பு விளக்கு எரிகிறது. தலையணிக் கேட்பொறி வழியாக அவர் குரல் கேமராக்காரர்களுக்கும் தள மேலாளருக்கும் கேட்கும். நிகழ்ச்சியில் பேசிக்கொண்டிருப்பவருக்குக் கேட்காது. எனவே தயாரிப்பாளரின் சொல்லைக் கைச்சைகையாக மொழிபெயர்த்து, இன்னும் இரண்டு நிமிடம், இன்னும் முப்பது நொடி என்று பேச்சாளருக்கு உணர்த்துவது தள மேலாளரின் பொறுப்பாகிறது.

இந்த வேலையின் சாரம் அதன் எழுத்துப்படியிலேயே புலப்படும். வானொலி எழுத்துப்படி ஒரே பத்தியில் அமையும். தொலைக்காட்சி எழுத்துப்படி இரு பத்திகளாகப் பிரியும்: இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் ஒலி. வலப்பக்கத்தை எழுதப் பழகியவர் இடப்பக்கத்தை நிரப்பக் கற்றுக்கொள்வதே, என் கணிப்பில், இந்தியத் தொலைக்காட்சியின் முதற்கட்டப் பயிற்சியின் உள்ளடக்கம்.

இங்கே ஒரு தன்னனுபவத்தைக் குறிப்பிடுவது பொருந்தும். முதுகலை வகுப்பில் ஏழு நிமிட நேர்காணல் பயிற்சியொன்றில் தயாரிப்பாளர் இருக்கையில் அமர்ந்தேன். மூன்றாம் கேமராவை அழைக்க வேண்டிய இடத்தில் இரண்டாம் கேமராவை அழைத்தேன். அது அடுத்த காட்சிக்காக நகர்ந்துகொண்டிருந்தது. விருந்தினரின் முகத்துக்குப் பதிலாக ஸ்டுடியோச் சுவர் திரையில் ஓடியது. பாடநூலில் பல்லூடகத் தயாரிப்பு என்ற இயலைப் படித்துத் தேர்ச்சி பெற்றிருந்தேன். அந்தச் சுவர் கற்பித்ததை அவ்வியல் கற்பிக்கவில்லை. எங்களுடைய தவறு பதிவில் இருந்தது. மறுபடி ஓட்டிப் பார்க்க முடிந்தது. முதல் தலைமுறைத் தயாரிப்பாளர்களுக்கு அந்த வசதி அரிது. நடைமுறைக்கேற்ற ஒளிநாடாப் பதிவுக் கருவியை ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956இல்தான் அறிமுகப்படுத்தியது. இரண்டு அங்குல அகலமுள்ள அந்நாடா மிகுந்த விலையுடையது. ஆகவே நேரலையே இயல்பான முறையாக இருந்தது. ஒத்திகை நேரமே வகுப்பறை, ஒளிபரப்பே தேர்வு.

டெல்லி: வானொலி மாளிகையில் ஒரு தற்காலிகக் கூடம்

1959 செப்டம்பர் 15 அன்று டெல்லி ஆகாசவாணி பவனில் அமைக்கப்பட்ட தற்காலிக ஸ்டுடியோவிலிருந்து சோதனை ஒளிபரப்பு தொடங்கியது. யுனெஸ்கோ 20,000 டாலர் நிதியுதவி அளித்தது. வாரம் இருமுறை மட்டுமே நிகழ்ச்சிகள் இடம்பெற்றன. ‘டெலி கிளப்’ எனப்பட்ட பார்வையாளர் குழுக்கள் ஓரிடத்தில் கூடி அவற்றைப் பார்த்தன. நிர்வாக வகையில் தொலைக்காட்சி அகில இந்திய வானொலியின் ஒரு கிளையாகவே இருந்தது. 1976 ஏப்ரல் 1 அன்றுதான் தூர்தர்ஷன் தனித்துறையாகப் பிரிந்தது. இவ்வாறு ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் பதவிப் பெயர்களும், கோப்பு முறையும், எழுத்துப்படியை முன்கூட்டியே பார்வையிட்டு ஒப்புதல் அளிக்கும் வழக்கமும் வானொலியினுடையவையாகவே தொடர்ந்தன. சொல்லே முதன்மை என்ற மனப்பாங்கு தனிமனிதர்களின் பழக்கம் மட்டுமன்று. அலுவலகத்தின் அமைப்பே அதை வேண்டி நின்றது.

அந்தப் பழக்கம் முதலில் உடையத் தொடங்கிய இடம் பள்ளித் தொலைக்காட்சி என்று கருத இடமுண்டு. ஃபோர்டு அறக்கட்டளையின் துணையுடன் 1961இல் டெல்லிப் பள்ளிகளுக்கான பாட ஒளிபரப்பு தொடங்கப்பட்டது. அறிவியல் பாடத்தில் காட்சிப் பத்தியைக் காலியாக விட முடியாது. அளவுக்கருவியின் முள் நகர்வதையோ குழாயின் அடியில் வீழ்படிவு தங்குவதையோ அண்மைக்காட்சியில் காட்டியாக வேண்டும். வகுப்பறையில் கரும்பலகையை நோக்கித் திரும்பிப் பேசிப் பழகிய ஆசிரியர் இங்கே கேமராவை நோக்கிப் பேசவும், பொருளை ஒளி படும் திசையில் சில நொடிகள் அசையாமல் பிடித்திருக்கவும் பழக வேண்டியிருந்தது. திரையோ கறுப்பு வெள்ளை. லிட்மசு தாள் சிவந்தது என்பதை அத்திரை காட்டாது. எந்தச் சோதனை திரைக்கு ஏற்றது, எது ஏலாதது என்று தேர்ந்தெடுப்பதும் பயிற்சியின் பகுதியாயிற்று. ஆசிரியரும் தயாரிப்பாளரும் ஒருவர்க்கொருவர் மாணவராக இருந்தனர் என்பது இக்கட்டத்தின் தனித்தன்மை.

வேளாண் நிகழ்ச்சியின் கதை வேறு. டெல்லியைச் சுற்றியுள்ள 80 கிராமங்களுக்காக 1967 ஜனவரி 26 அன்று ‘கிருஷி தர்ஷன்’ தொடங்கப்பட்டபோது, வானொலியின் கிராம நிகழ்ச்சிகளில் நன்கு வேரூன்றியிருந்த உரையாடல் வடிவம் கையருகே ஆயத்தமாக இருந்தது. இருவர் அமர்ந்து உரமும் விதையும் பற்றிப் பேசுவதைப் படம்பிடிப்பது எளிது. வயலுக்கு 16 மி.மீ. கேமராவுடன் சென்று, படச்சுருளைக் கழுவி, நிகழ்ச்சிக்குள் சேர்ப்பது காலமும் பணமும் கோருவது. பற்றாக்குறை வானொலிப் பழக்கத்துக்குத் துணைநின்றது.

புனே: பள்ளியின் வருகை

1960இல் புனேயின் பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் நிறுவப்பட்ட திரைப்பட நிறுவனம் 1971இல் திரைப்படம் மற்றும் தொலைக்காட்சி நிறுவனம் ஆயிற்று. அதன் தொலைக்காட்சிப் பயிற்சிப் பிரிவு டெல்லியில் தொடங்கி, 1974இல் புனேக்கு மாற்றப்பட்டது. தொடக்கத்தில் தூர்தர்ஷன் ஊழியர்களுக்குப் பணியிடைப் பயிற்சி அளிப்பதே அதன் வேலை. ஏற்கெனவே பணியில் இருப்பவருக்கே பள்ளி திறந்தது. வெளியிலிருந்து ஓர் இளைஞர் அங்கே சேர்ந்து தொழிலைக் கற்றுக்கொண்டு நிலையத்துக்குள் நுழையும் வழி அமையவில்லை.

காலத்தை நோக்கினால் இதன் காரணம் விளங்கும். 1972இல் பம்பாய், 1973இல் ஸ்ரீநகரும் அமிர்தசரசும், 1975இல் கல்கத்தா, சென்னை, லக்னோ என நிலையங்கள் அடுத்தடுத்துத் திறக்கப்பட்டன. அதே 1975 ஆகஸ்ட் 1 அன்று, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு நாள்தோறும் நான்கு மணி நேரம் ஒளிபரப்பும் ‘சைட்’ சோதனை தொடங்கியது. டெல்லி, கட்டாக், ஐதராபாத் ஆகிய இடங்களில் அதற்கான தயாரிப்பு மையங்கள் அமைந்தன. இத்தனை இருக்கைகளையும் சில ஆண்டுகளுக்குள் நிரப்ப வேண்டிய நெருக்கடியில், கருவியை இயக்கத் தெரிந்தவரே பயிற்சி பெற்றவர் என்று கொள்ளப்பட்டதில் வியப்பில்லை. ஆனால் யாருக்காகத் தயாரிக்கிறோம் என்ற வினா அந்த வரையறைக்கு வெளியே நின்றுவிட்டது.

பீஜ்: கற்பிக்கும் இடம் மாறுதல்

அந்த வினாவைப் பயிற்சிக்கு உள்ளே கொண்டுவந்தது அகமதாபாத்திலுள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையம். யஷ்பால் அதன் இயக்குநராக இருந்த காலம் அது. குஜராத்தின் கேடா மாவட்டத்தில், பீஜ் என்னும் சிற்றூரில் குறைந்த ஆற்றலுடைய ஒளிபரப்பி ஒன்று 1975இல் நிறுவப்பட்டது. ‘சைட்’ சோதனை 1976 ஜூலை 31 அன்று முடிந்தபோது செயற்கைக்கோளின் துணை நின்றுபோயிற்று. பீஜ் ஒளிபரப்பியோ நிலத்தில் இருந்ததால் தொடர்ந்து இயங்கியது.

இம்முயற்சியில் தயாரிப்பாளர் தனியே இயங்கவில்லை. சமூக ஆய்வாளர்களும் அவருடன் ஒரே குழுவில் பணியாற்றினர். ஒரு பொருளைப் பற்றி நிகழ்ச்சி தயாரிக்கும் முன் ஆய்வாளர்கள் கிராமங்களுக்குச் சென்று, அதைப்பற்றி மக்கள் என்ன அறிந்திருக்கிறார்கள், எந்தச் சொல்லால் அதைக் குறிக்கிறார்கள் என்று கேட்டறிந்தனர். ஒளிபரப்புக்குப் பின் மீண்டும் சென்றனர். சரோத்தர் வட்டாரப் பேச்சு நிகழ்ச்சிகளில் இடம்பெற்றது. உள்ளூர் மக்கள் நடிகர்களாகவும் எழுத்தாளர்களாகவும் பங்கேற்றனர். தீண்டாமை, குறைந்தபட்சக் கூலி, மணக்கொடை போன்றவை பேசுபொருளாயின. கூலியைப் பற்றிய நிகழ்ச்சியைக் கூலி கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே பொதுப்பெட்டியின் முன் அமர்ந்து பார்க்கும்போது, கேமராவை எங்கே வைப்பது, யாருடைய முகத்தை அண்மைக்காட்சியில் காட்டுவது என்பது தொழில்நுட்பத் தேர்வாக மட்டும் நின்றுவிடாது. பிற இடங்களின் பயிற்சியில் ‘எப்படி’ என்ற வினாவே மேலோங்கியிருந்தது. இங்கே ‘யாரிடமிருந்து’ என்ற வினா அதனினும் முந்தியது. 1984இல் கிராமப்புறத் தகவல்தொடர்புக்கான யுனெஸ்கோ பரிசு கேடாவுக்கு வழங்கப்பட்டது.

ஆயினும் கேடாவின் முறை நாடெங்குமுள்ள நிலையங்களின் வழக்கமாக மாறவில்லை. 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி வண்ண ஒளிபரப்பும் தேசிய நிகழ்ச்சியும் வந்தன. தொடர்ந்து ஒளிபரப்பிகள் பெருகின. மையத்திலிருந்து ஒரே நிகழ்ச்சியை எல்லார்க்கும் அனுப்பும் அமைப்பில், ஒரு மாவட்டத்தின் பேச்சைக் கற்றுவரும் தயாரிப்பாளருக்கு இருக்கை இல்லை. கேடாவைப் போற்றும் கட்டுரைகள் பலவும் பரிசோடு நின்றுவிடுகின்றன. அது ஏன் பாடத்திட்டமாகவில்லை என்று கேட்பதில்லை.

சென்னை: வலப்பக்கத்தின் வலிமை

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பட்டபோது, சென்னை வானொலிக்கு முப்பத்தேழு வயது. தமிழ் வானொலியின் மரபு வலுவானது. தஞ்சைப் பகுதியில் ஏ.டி.டி.-27 என்ற நெல் வகை திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகளால் பரவி, உழவர் வாயில் ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் பெற்றது. கேட்டு நம்பிய மக்களும், கேட்கத்தக்கதாக எழுதிய கலைஞர்களும் இருந்த மண்ணில் தொலைக்காட்சியின் ‘வயலும் வாழ்வும்’ பிறந்தது. அதற்குக் கிடைத்த வலப்பக்கப் பத்தி மிகச் செழிப்பானது. இடப்பக்கம் அந்த அளவுக்கு வளர்ந்ததா என்பது விவாதத்துக்குரியது.

இன்னொரு முரணும் உண்டு. மக்கள் ஆர்வத்துடன் காத்திருந்து பார்த்த ‘ஒளியும் ஒலியும்’ திரைப்படப் பாடல்களைத் தொகுத்தளித்த நிகழ்ச்சி. ஸ்டுடியோத் திறன் அதற்குப் பெரிதாகத் தேவைப்படவில்லை. ஸ்டுடியோவில் உழைத்து உருவாக்கிய நாடகமும் நேர்காணலும் அதன் நிழலில் நின்றன. இன்றைய நினைவுக்குறிப்புகள் பாடல்களைச் சொல்லி ஏங்குவதும், கேமரா வேலையைப் பற்றி மௌனம் காப்பதும் இதன் தொடர்ச்சியே.

1984 ஆகஸ்ட் 15 முதல் பல்கலைக்கழக மானியக்குழு நாடளாவிய வகுப்பறை ஒளிபரப்பைத் தொடங்கியது. அத்திட்டத்துக்கு நிகழ்ச்சி வழங்கும் மையங்கள் பின்னர் அண்ணா பல்கலைக்கழகத்திலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் இடம்பெற்றன. அரசு ஒளிபரப்பு நிலையத்துக்கு வெளியே, கல்வி வளாகத்துக்குள் தயாரிப்பைக் கற்கும் வாய்ப்பு இவ்வாறு தமிழகத்தில் விரிந்தது. இக்கட்டுரையின் கால எல்லை அங்கே முடிகிறது.

சான்றுகளின் நிலை

நேரலை நிகழ்ச்சிகள் காற்றோடு போயின. பதிவானவற்றிலும் பல, நாடாவின் விலை கருதி, மேலெழுதப்பட்டு அழிந்தன. பி.பி.சி.கூட 1960களிலும் 1970களிலும் தன் நாடாக்களை அவ்வாறு அழித்தது. எனவே பயிற்சியின் வரலாற்றை எழுத முனைவோர் நிகழ்ச்சியை விட்டு, நிகழ்ச்சியைச் சூழ்ந்திருந்த தாள்களையும் மனிதர்களையும் தேட வேண்டியுள்ளது. 1975இல் இருபத்தைந்து வயதில் பணியில் சேர்ந்தவர் இன்று எழுபது வயதைக் கடந்தவர். அவரிடம் ‘என்னென்ன நிகழ்ச்சி செய்தீர்கள்?’ என்று மட்டும் கேட்டால் பட்டியல் கிடைக்கும். ‘முதல்முறை தவறு நேர்ந்தபோது யார் திருத்தினார்?’ என்று கேட்டால் பயிற்சிமுறை வெளிப்படும்.

தாள்களில் முதன்மையானது கேமரா அட்டை. ஒவ்வொரு கேமராக்காரரும் தாம் எடுக்க வேண்டிய காட்சிகளின் எண், அளவு, நகர்வு ஆகியவற்றை வரிசையாகக் கண்டு பின்பற்றுவதற்காகக் கருவியில் செருகி வைக்கும் சிறு அட்டை அது. ஒத்திகையில் செய்த மாற்றங்கள் அதன்மீது பென்சிலால் குறிக்கப்படும். நிகழ்ச்சி முடிந்ததும் குப்பைக்குச் செல்லும். நாடா அழிந்த நிகழ்ச்சியொன்றின் அட்டை யாரேனும் ஒருவரின் வீட்டுப் பெட்டியில் தப்பியிருக்குமாயின், எழுதிய காட்சி எது, ஒத்திகையில் மாறிய காட்சி எது என்பதை அடித்தலையும் திருத்தலையும் கொண்டு வரிவரியாக மீட்டெடுக்க இயலும். ஓய்வுபெற்ற ஊழியர்களைச் சந்திக்கும் ஆய்வாளர்கள் புகைப்படங்களோடு அந்த அட்டைகளையும் கேட்டுப் பெறுதல் வேண்டும்.