கயிலை யாத்திரைக்கு ஆயத்தம்: அன்றும் இன்றும்

ஐந்து ஆண்டுகள் நின்றிருந்த கயிலாய மானசரோவர் யாத்திரை 2025 ஜூன் மாதத்தில் மீண்டும் தொடங்கியது. லிபுலேக் கணவாய் வழியாக ஐந்து குழுக்களும், சிக்கிமில் உள்ள நாதுலா வழியாகப் பத்துக் குழுக்களும், குழுவுக்கு ஐம்பது பேர் வீதம் அவ்வாண்டு அனுமதிக்கப்பட்டன. பணி ஓய்வு பெற்று, பிள்ளைகளையும் கரையேற்றிய பிறகு, "ஒரு முறை கயிலையைத் தரிசித்துவிட வேண்டும்" என்ற ஆசை நம்மில் பலருக்கு உண்டு. பணம், பாஸ்போர்ட், விடுப்பு ஆகியவற்றைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். உடல் ஆயத்தம் பற்றிப் பேசுவது குறைவு. அந்த ஆயத்தத்துக்கு ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது. அதை அறிந்துகொண்டால், இன்றைய விதிகள் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கின்றன என்பதும் விளங்கும்.

நடையே மருந்து

கயிலாய பர்வதத்தின் உயரம் சுமார் 6,638 மீட்டர். மானசரோவர் ஏரி சுமார் 4,590 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கயிலையைச் சுற்றும் 52 கிலோமீட்டர் பரிக்ரமாவில் மிக உயரமான இடம் டோல்மா கணவாய்; அது 5,600 மீட்டருக்கும் மேல். சுமார் 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். அதாவது, அங்கே ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் பிராணவாயு சென்னையில் கிடைப்பதில் ஏறக்குறையப் பாதியே.

பழைய யாத்ரீகர்கள் இந்தக் கணக்கை அறியமாட்டார்கள். ஆயினும் அவர்களுடைய பிரயாண முறையே அவர்களைக் காப்பாற்றியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கயிலை செல்பவர் ரயிலில் காத்கோதாம் வந்து, அங்கிருந்து அல்மோரா சேர்ந்து, பிறகு நடக்கத் தொடங்குவார். அஸ்கோட், தார்ச்சுலா, கர்பியாங் என்று ஒவ்வொரு நாளும் பத்துப் பன்னிரண்டு மைல்தான் நடை. கர்பியாங்கில் சில நாள் தங்கி, மட்டக்குதிரை, சுமையாட்கள், கூடாரம், கம்பளி ஆகியவற்றை ஏற்பாடு செய்துகொள்வார்கள். திபெத்தின் திறந்த வெளியில் கொள்ளையர் பயம் இருந்ததால், போட்டியா வணிகர்களின் கூட்டத்தோடு சேர்ந்து போவது வழக்கம். அதற்காகவும் காத்திருக்க வேண்டும். இப்படி நடையிலும் காத்திருப்பிலும் கழிந்த நாட்களில், அவர்கள் அறியாமலே அவர்களுடைய உடல் உயரத்துக்குப் பழகிக்கொண்டது.

இந்த யாத்திரைக்கு முறையான வழிகாட்டி எழுதியவர் ஆந்திரத்தைச் சேர்ந்த சுவாமி பிரணவானந்தா. 1928ல் முதன்முறையாகக் கயிலை சென்ற அவர், பின்னர் பல முறை அங்கே சென்றார். மானசரோவர்க் கரையில் கடுங்குளிர் காலத்தையும் கழித்தார். 1949ல் வெளிவந்த அவருடைய 'கைலாஸ் மானசரோவர்' என்ற ஆங்கில நூலில், எந்த நாள் எங்கே தங்குவது, அடுத்த தங்கலுக்கு எத்தனை மைல் என்பதெல்லாம் அட்டவணைகளாக உள்ளன. பக்திக்குக் குறையில்லாத ஒரு துறவி, பக்தி மட்டும் போதும் என்று எழுதாமல், மைல் கணக்கு எழுதினார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். 1976ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

கொதிக்கும் நீரும் வேகாத அரிசியும்

ஆயத்தம் என்பதற்கு இன்னொரு நல்ல உதாரணம் நயின் சிங் ராவத். குமாவுன் மலைப் பகுதியில் மிலம் கிராமத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் அவர். வெள்ளையர் நுழைய முடியாத திபெத்தை அளந்து வர, 1863 முதல் டேராடூனில் நில அளவைத் துறையினர் அவருக்கும் அவருடைய உறவினர் மணி சிங்குக்கும் பயிற்சி அளித்தார்கள். ஒரே அளவில் அடி வைத்து நடக்கவும், அடிகளை எண்ணவும் கற்றார்கள். ஜபமாலையில் வழக்கமான 108 மணிகளுக்குப் பதிலாக 100 மணிகள். நூறு அடிக்கு ஒரு மணி தள்ளுவது. குறிப்புகளைப் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் ஒளித்து வைப்பது. இப்படி 1866 ஜனவரியில் லாசாவை அடைந்த நயின் சிங், திரும்பும்போது மானசரோவர் வழியாக வந்தார். 1877ல் லண்டன் ராயல் புவியியல் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது.

உயரத்தை அவர் அளந்த விதம் எளிமையானது. தண்ணீரைக் கொதிக்க வைத்து, அதில் வெப்பமானியை வைத்துப் பார்ப்பார். உயரே போகப் போக நீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். மானசரோவர்க் கரையில் நீர் கொதிப்பது சுமார் 85 டிகிரியில். நயின் சிங்குக்கு உயரத்தைச் சொன்ன இதே விதிதான் அங்கே நம்முடைய அரிசியையும் பருப்பையும் வேகவிடாமல் செய்கிறது. எவ்வளவு நேரம் கொதித்தாலும் துவரம்பருப்பு கரையாது. பிரஷர் குக்கர் இல்லாமல் அங்கே சாம்பார் இல்லை. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, வறுத்த ரவை, அவல் என்று எடுத்துச் செல்லும் நம் இல்லத்தரசிகளின் வழக்கம், பௌதிக சாஸ்திரப்படியும் சரியான வழக்கமே.

விஷக்காற்று என்ற நம்பிக்கை

உயரத்தில் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, மூச்சுத்திணறல் வருவதை மலை மக்கள் வெகு காலமாக அறிவார்கள். இமயத்தில் வசித்தவர்கள் அதை விஷச் செடிகளின் மேல் வீசும் காற்று என்று நம்பினார்கள். தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் தமக்கு நேர்ந்த இத்தகைய உபாதையை ஜோசப் டி அகோஸ்டா என்ற பாதிரியார் 1590ல் வெளியிட்ட நூலில் எழுதினார். அங்குள்ள மெல்லிய காற்று மனிதர் சுவாசத்துக்கு ஏற்றதல்ல என்பது அவர் ஊகம். பிரெஞ்சு விஞ்ஞானி பால் பெர்ட் 1878ல் வெளியிட்ட ஆராய்ச்சியில்தான், பிராணவாயுவின் அழுத்தம் குறைவதே காரணம் என்பது நிரூபணமானது.

ஆனால் திடகாத்திரமான இளைஞர்கள்கூட மலையில் திடீரென இறப்பது ஏன் என்பது பிறகும் தெளிவாகவில்லை. நிமோனியா என்றே பலருக்கும் முடிவு கட்டினார்கள். 1936ல் நந்தா தேவி சிகரத்துக்கு வந்த குழுவில் இருந்த சார்லஸ் ஹூஸ்டன் என்ற அமெரிக்க மருத்துவர், உயரம் காரணமாகவே நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம் என்பதை 1960ல் ஒரு மருத்துவ இதழில் விளக்கினார்.

அடுத்த பாடத்தை நம் தேசமே பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1962 சீனப் போரின்போது சமவெளியில் இருந்த ஜவான்கள் விமானத்தில் ஏற்றப்பட்டு, உடல் பழக அவகாசமின்றி லடாக்கின் உயரங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். எதிரியின் குண்டு படாமலே பலர் நோயுற்றார்கள். இந்திய ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவருடைய குழுவினரும் 1,925 ராணுவ வீரர்களின் நோய் விவரங்களை ஆராய்ந்து 1969ல் வெளியிட்ட கட்டுரை, இன்றும் உலகெங்கும் மலை நோய் பற்றிய அடிப்படை ஆதாரமாகக் கருதப்படுகிறது. இத்தகைய அனுபவங்களிலிருந்து நம் ராணுவம் வகுத்துக்கொண்ட முறை இது: 9,000 முதல் 12,000 அடி வரை ஆறு நாள், அதற்கு மேல் 15,000 அடி வரை நான்கு நாள், அதற்கும் மேலே மேலும் நான்கு நாள். முதல் இரண்டு நாள் பூரண ஓய்வு. இருபது வயது ஜவானுக்கே பதினான்கு நாள் என்றால், அறுபது வயது நமக்கு எத்தனை நாள் என்று யோசிக்க வேண்டும்.

1981க்குப் பிறகு

1954ல் இந்தியாவும் சீனாவும் செய்துகொண்ட உடன்படிக்கை கயிலை யாத்ரீகர்களுக்கு இடம் அளித்திருந்தது. அது 1962 ஜூனில் காலாவதியாயிற்று. பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1981ல் வழி மீண்டும் திறந்தது. இம்முறை வெளியுறவு அமைச்சகமே யாத்திரையை நடத்தியது. இந்தோ திபெத் எல்லைக் காவல் படை துணை நின்றது. வயது 18 முதல் 70 வரை, உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் குறியீடு 25க்கு மிகாமல் என்ற விதிகள் இவ்வாறு நடத்தப்படும் யாத்திரைக்கு உரியவை. டில்லியில் ரத்தம், எக்ஸ்ரே, நுரையீரல், டிரெட்மில் என்று சோதனைகள். பிறகு சுமார் 3,200 மீட்டர் உயரத்தில் உள்ள குஞ்சியில் மறுபடியும் சோதனை. டில்லியில் தேறியவரும் குஞ்சியில் திருப்பி அனுப்பப்படலாம்.

பாதையும் ஆபத்தானதே. 1998 ஆகஸ்ட் 18 அன்று மால்பாவில் நள்ளிரவுக்குப் பின் மலை சரிந்து, இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் சுமார் அறுபது பேர் கயிலை யாத்ரீகர்கள். நடனக் கலைஞர் புரோதிமா பேடியும் அதில் ஒருவர்.

இன்று நிலைமை வேறு. தார்ச்சுலாவிலிருந்து லிபுலேக் நோக்கிச் செல்லும் சாலை 2020 மே மாதம் திறக்கப்பட்டது. நாட்கணக்கில் நடந்து ஏறிய குஞ்சிக்கு இப்போது ஜீப்பில் ஒரே நாளில் போகலாம். நேபாளம் வழியாகச் செல்பவர்கள் சுமார் 150 மீட்டர் உயரத்தில் உள்ள நேபாள்கஞ்சிலிருந்து விமானத்தில் சிமிகோட், அங்கிருந்து ஹெலிகாப்டரில் ஹில்சா என்று ஓரிரு நாளில் 3,600 மீட்டருக்கு மேல் போய்விட முடியும். கால் வலி மிச்சம். ஆனால் நடை கொடுத்து வந்த மருந்தை நாம் இழந்துவிட்டோம். 1962ல் ஜவான்களுக்கு நேர்ந்ததையே, பணம் கட்டி, நாமே வரவழைத்துக்கொள்ளும் நிலை இது.

ஆகவே அன்பர்கள் மனத்தில் கொள்ள வேண்டியவை சில. ஆறு மாதம் முன்பிருந்தே தினமும் நடப்பதும் படி ஏறுவதும் இதயத்துக்கும் காலுக்கும் நல்லது. ஆனால் மலை நோய்க்கு அது கவசம் ஆகாது. மெதுவாக ஏறுவதுதான் கவசம். 3,000 மீட்டருக்கு மேல் இரவு தங்கும் இடம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும். எத்தனை நாளில் அழைத்துச் சென்று திரும்புகிறார்கள் என்று சுற்றுலா ஏற்பாட்டாளரிடம் முதலில் கேளுங்கள். குறைந்த நாள் என்பது பெருமையல்ல. கற்பூரம் முகர்ந்தால் மூக்கு திறந்தாற்போல இருக்கும், பிராணவாயு கூடாது. டயாமாக்ஸ் மாத்திரையை மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் அதை அவரிடம் அவசியம் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ரத்த அழுத்தத்தையோ சர்க்கரையையோ சோதனையில் மறைக்காதீர்கள். படுத்திருக்கும்போதும் மூச்சு வாங்கினால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், பொழுது விடியட்டும் என்று காத்திராமல் கீழே இறங்குவதே முதல் சிகிச்சை.

திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பலர் அதைப் பூர்வ ஜன்ம பாவம் என்றெண்ணி வாழ்நாளெல்லாம் வருந்துகிறார்கள். அவர்கள் அப்பர் பெருமானை நினைத்துக்கொள்ளலாம். முதிர்ந்த வயதில் கயிலைக்குப் புறப்பட்ட திருநாவுக்கரசர், கால் தேய்ந்து, கையால் தவழ்ந்து, மார்பால் ஊர்ந்து, கடைசியில் அசையவும் முடியாமல் கிடந்த கதையைப் பெரிய புராணம் சொல்கிறது. கயிலையைக் காணாமல் மீளேன் என்றவரைத் திரும்பச் சொன்னது இறைவனே. பொய்கையில் மூழ்கியவர் திருவையாற்றில் எழுந்தார். கயிலைக் காட்சி அவருக்குக் காவிரிக் கரையில் கிடைத்தது. ஆடி அமாவாசைதோறும் திருவையாற்றில் அந்த வைபவம் இன்றும் நடைபெறுகிறது.

குஞ்சியில் ஒரு மருத்துவர் "நீங்கள் திரும்பிவிடுங்கள்" என்று சொன்னால், அந்தச் சொல்லையும் மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும் மனமே யாத்திரைக்கு வேண்டிய ஆயத்தங்களில் முதலாவது.