தீமோத்தேயுவும் மயிலாடி வேதமாணிக்கமும்

வண்ணார்பேட்டையில் வாழும் நமக்குப் பாளையங்கோட்டை அண்டை ஊர். அங்கே கிளாரிந்தா அம்மையார் எழுப்பிய ஆலயம் 1785ஆம் ஆண்டினது. அதற்கும் முன்னர், 1780இலேயே அச்சபையின் பதிவேட்டில் 40 பேர் இடம்பெற்றிருந்தனர். அவர்கள் பல சாதியினர். இத்தகைய புதுச் சபைக்கு யார் தலைவர், அவர் எங்ஙனம் நடத்தல் வேண்டும் என்னும் வினா நெல்லைச் சீமையில் முதன்முதலாக எழுந்ததன்று.

எபேசு நகரச் சபையை நடத்தும் பொறுப்பு தீமோத்தேயு என்னும் இளைஞர்பால் வந்தது. அவர் தந்தை கிரேக்கர், தாய் யூதர். அவருக்கெனப் பவுலின் பெயரால் இரு நிருபங்கள் வழங்குகின்றன. (அவற்றைப் பவுலே எழுதினாரா, அவர்தம் மாணாக்கர் எழுதினரா என்பது அறிஞரிடையே தீராத வழக்கு.) முதல் நிருபம் கூறுவன பெரிதும் நடைமுறைச் செய்திகளே. இளையவர் என்று பிறர் இகழாதவாறு ஒழுகுதல் வேண்டும்; முதியவரைத் தந்தையாகக் கருதுதல் வேண்டும்; மூப்பர்மேல் வரும் குற்றச்சாட்டை இரண்டு மூன்று சாட்சிகளின்றி ஏற்கலாகாது; முகம் பார்த்து நீதி வழங்கலாகாது; நேற்றுச் சேர்ந்தவரை இன்று கண்காணியாக்கலாகாது. சாவியும் கணக்குப் புத்தகமும் கையில் வைத்திருக்கும் எச்சங்கத்தாரும் படிக்கத்தக்க பகுதி இது.

இவ்வறிவுரைக்கு நம்மவரிடையே சான்று தேடினால் முதலில் நினைவுக்கு வருபவர் மயிலாடி வேதமாணிக்கம். தென்திருவிதாங்கூரில் சாம்பவர் குலத்தில் மகாராசனாகப் பிறந்த அவர், சிதம்பரத்திற்கு யாத்திரை சென்றார். அங்கு மனம் நிறைவுறாமல், திரும்பும் வழியில் தஞ்சையில் கிறிஸ்தவ உறவினரைக் கண்டார். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருமுழுக்குப் பெற்று ஊர் திரும்பினார். ஊரில் அவருக்கு வரவேற்பு இல்லை, துன்பமே இருந்தது. எனினும் மயிலாடிக்கு ஒரு போதகர் வேண்டும் என்று விடாது கேட்டுக்கொண்டே இருந்தார். லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே என்னும் ஜெர்மானியர் 1806இல் அங்கு வந்து சேர்ந்தது அவ்வேண்டுகோளின் பயனே. 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது.

நூல்கள் பலவும் ரிங்கல்தௌபேயைத் தலைப்பிலும் வேதமாணிக்கத்தைத் துணைவரியிலும் வைக்கின்றன. வந்தவர் ஒருவர், வரவழைத்தவர் மற்றொருவர். எனவே அவ்வரிசையை மாற்றியும் எழுதலாம் என்பது எம் கருத்து.

1816இல் உடல்நலம் குன்றிய ரிங்கல்தௌபே, சபைகளை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்துச் சென்றார். அப்பொழுது இவர் புதியவரல்லர். ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் ஊரார் கண்முன் சோதிக்கப்பட்டவர். 1818இல் சார்லஸ் மீட் வந்து சேரும்வரை, ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த இத்தமிழரே அச்சபைகளைக் காத்தார்.

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர், உபதேசியார்களைப் பயிற்றும் பள்ளியில் எல்லாச் சாதி மாணவரும் ஒன்றாய் அமர்ந்து உண்ணுதல் வேண்டும் என்றார். முகம் பார்க்கலாகாது என்னும் விதி இங்கே சோற்றுப் பந்திக்கு வந்தது. எதிர்ப்பு எழுந்தது, ஆயினும் ரேனியஸ் விட்டுக்கொடுக்கவில்லை.